யீஷூன் மீன் கடை: தொட்டிக்கு ஒரு வலை

வண்ண மீன் கடைக்குள் போனால் நான் முதலில் பார்ப்பது வலையை. மீனின் நிறம், வால் விரிப்பு, விலை எல்லாம் அப்புறம்தான். சிங்கப்பூரின் யீஷூனில் ஒரு அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் இருக்கும் இந்தக் கடையில் ஒவ்வொரு தொட்டிக்கும் சொந்தமாக ஒரு வலை உண்டு. தொட்டியில் ஒட்டியிருக்கும் எண்தான் வலைப்பிடியிலும் இருக்கும். மீன் பிடித்து முடித்ததும் வலை நேராகக் கிருமிநாசினி வாளிக்குப் போகிறது, பிறகு நல்ல தண்ணீரில் அலசல், பிறகு கொக்கியில் உலர்த்தல். வடக்குப் பக்கம் நான் பார்த்த கடைகளில் வேறு எங்கும் இப்படி இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். குறைகளும் இருக்கின்றன, அவற்றில் ஒன்று சின்னக் குறை இல்லை. அதையும் சொல்லப் போவதால் கடைப் பெயரைப் போடவில்லை. அந்தப் பக்கம் மீன் வளர்ப்பவர்களுக்குப் படிக்கும்போதே எந்தக் கடை என்று தெரிந்துவிடும்.

நான் லிம் சூ காங் பக்கம் ஒரு ஏற்றுமதிப் பண்ணையில் பல வருடம் பேக்கிங் பிரிவில் வேலை பார்த்தவள். பிளாஸ்டிக் பை, ஆக்ஸிஜன், ரப்பர் பேண்ட், ஸ்டைரோஃபோம் பெட்டி, இதுதான் என் உலகம். ஈரம் காயாத ஒரு வலை இந்தத் தொட்டியிலிருந்து அந்தத் தொட்டிக்குப் போனால் என்ன ஆகும் என்பதை அங்கே கண்ணால் பார்த்திருக்கிறேன். மோலி மீனின் முதுகுத் துடுப்பைச் சுற்றிச் சாம்பல் கலந்த வெள்ளையில் ஒரு பட்டை விழும், சேணம் போட்டது போல. ஓரத்தில் லேசான மஞ்சள். வாயோரம் வெளிறி, நூல் நூலாகத் தெரியும். செவுள் அரிக்க ஆரம்பித்தால் மீன் மேலே வந்து காற்றைக் குடிக்கும். நம் ஊர்ச் சூட்டில், தண்ணீர் 28, 30 டிகிரி இருக்கும்போது, காலையில் பார்த்த பட்டை மறுநாள் பாதி தொட்டியைக் காலி செய்துவிடும்.

இது காலம்நாரிஸ். ஃபிளேவோபாக்டீரியம் காலம்நாரே என்ற பாக்டீரியாவால் வருவது. 1922-இல் மிசிசிப்பி ஆற்று மீன்களில் பார்த்து முதலில் எழுதி வைத்தார்கள். பலர் இதைப் பூஞ்சை என்று நினைத்துப் பூஞ்சை மருந்து ஊற்றுகிறார்கள். இன்னும் சிலர் வெள்ளைப் புள்ளி நோய்க்குச் செய்வதுபோல ஹீட்டர் போட்டுச் சூட்டை ஏற்றுகிறார்கள். இந்தப் பாக்டீரியாவுக்குச் சூடு பிடிக்கும், ஏற்ற ஏற்ற வேகமாகப் பெருகும். கடையில் வேலை பார்க்கும் தம்பிக்கு இந்த வித்தியாசம் தெரிந்திருக்கிறது. பட்டுக்கோட்டைப் பக்கத்துப் பையன். ஒரு சீன ஆன்ட்டி கைப்பேசியில் படத்தைக் காட்டி பூஞ்சை மருந்து கேட்டபோது, "இது ஃபங்கஸ் இல்ல ஆன்ட்டி" என்று சொல்லி மருந்தை எடுத்துக் கொடுக்காமல், தண்ணீர்ச் சூடு என்ன, புது மீன் எப்போது விட்டீர்கள் என்று விசாரித்தான். விற்க வந்தவன் விற்காமல் கேள்வி கேட்பது பெரிய விஷயம்.

கடையின் உண்மையான பலம் உள்ளே இடப்பக்கம் இருக்கும் கண்ணாடி அறை. ஜொகூரிலிருந்தும் தாய்லாந்திலிருந்தும் வரும் சரக்கு நேராகக் கடைத் தொட்டிக்கு வராது. அந்த அறையில் குறைந்தது 14 நாள். ஆற்றிலிருந்தும் சதுப்பிலிருந்தும் பிடித்து வரும் மீனாக இருந்தால் 28 நாள். தொட்டியின் மேல் தேதி எழுதிய ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அந்த அறைக்கென்று தனி வாளி, தனிக் குழாய், வாசலில் மாற்றிக்கொள்ள வேறு ஸ்லிப்பர். பையில் வந்த தண்ணீரைத் தொட்டியில் ஊற்றுவதே இல்லை. ஒரு தடவை அங்கே இருந்த ஹார்லிகுவின் ராஸ்போரா கூட்டத்தைப் பார்த்து ஆசைப்பட்டுக் கேட்டேன். தம்பி, "அக்கா, அதுக்கு இன்னும் நாள் இருக்கு. இப்ப தந்தா தவுக்கே திட்டுவாரு" என்றான். தவுக்கே என்றால் கடை முதலாளி. முன்பணம் கொடுக்கிறேன் என்றேன். அதையும் வாங்கவில்லை, ஸ்டிக்கரில் என் பெயரை மட்டும் எழுதி வைத்துக்கொண்டான். நாள் முடிந்த பிறகுதான் மீன் கைக்கு வந்தது.

ஏன் இத்தனை நாள் காத்திருப்பு என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். பார்க்க நன்றாக இருக்கும் மீன் நோய் இல்லாத மீன் என்று அர்த்தம் இல்லை. சால்மன், டிரவுட் வளர்ப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். ஃபுருங்குலோசிஸ் என்று ஒரு நோய், சதைக்குள் கொப்புளம் கட்டி உடையும், ஏரோமோனாஸ் சால்மோனிசிடா என்ற பாக்டீரியாவால் வருவது. அதைச் சுமந்துகொண்டே எந்த அறிகுறியும் காட்டாமல் நீந்தும் மீன்கள் உண்டு. அவற்றைக் கண்டுபிடிக்க, மாதிரி மீன்களுக்கு ஸ்டீராய்டு ஊசி போட்டு, குளிர்ந்த தண்ணீரை 18 டிகிரிக்கு ஏற்றி, வேண்டுமென்றே மீனை நலிய வைப்பார்கள். எதிர்ப்புச் சக்தி இறங்கியதும் ஒளிந்திருந்த நோய் வெளியே வரும். நம் கடைகளுக்கு வரும் மீனுக்கு அந்த ஊசி தேவையே இல்லை. பட்டினி, இருட்டுப் பெட்டி, லாரிக் குலுக்கல், புதுத் தண்ணீர் என்று வழியிலேயே மீன் நலிந்துபோகிறது. வந்த சில நாளில் நோய் இருந்தால் காட்டிவிடும். வந்த அன்றே விற்கும் கடையில் அந்த நோய் காட்டுவது உங்கள் வீட்டுத் தொட்டியில்.

வீட்டோடு நின்றால்கூடப் பரவாயில்லை. எனக்குப் பெரிய கவலை அதற்கு அப்புறம்தான். நார்வேயில் நடந்ததைப் பாருங்கள். 1985-இல் ஸ்காட்லாந்திலிருந்து சால்மன் குஞ்சுகளை வாங்கினார்கள், கூடவே ஃபுருங்குலோசிஸும் வந்து சேர்ந்தது. அந்த வருடம் 16 பண்ணைகளில் இருந்த நோய் 1992 முடிவதற்குள் 550 பண்ணைகளுக்குப் பரவிவிட்டது. பண்ணையோடும் நிற்கவில்லை. கூண்டிலிருந்து தப்பிய சால்மன்கள் ஆறுகளில் ஏறின, 74 ஆறுகளில் நோய் பதிவானது. ஆற்றில் பிறந்து கடலுக்குப் போய் முட்டையிடத் திரும்பி வரும் காட்டு சால்மன், எவனோ வாங்கிய குஞ்சின் நோயில் செத்தது. இந்த நோயை விஞ்ஞானிகள் முதன்முதலில் அடையாளம் கண்டதே 1894-இல், ஜெர்மனியின் பவேரியாவில் ஒரு டிரவுட் குஞ்சு பொரிப்பகத்தில்தான். பிரிட்டன் ஆறுகளில் இதே நோய் பெருகியபோது தனிக்குழு வைத்து ஆராய்ந்து, 1937-இல் மீன் நோய்களுக்கென்றே ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள்.

இது திரும்பியும் நடக்கும். குஞ்சு பொரிப்பகங்கள் பல, பக்கத்து ஓடையிலிருந்து தண்ணீர் எடுப்பவை. மேலோடையில் நீந்தும் காட்டு மீனிடம் பாக்டீரியா இருந்தால் அது குழாய் வழியாக உள்ளே வந்துவிடும். உள்ளே ஒரு தொட்டியில் ஆயிரக்கணக்கான குஞ்சுகள் ஒன்றை ஒன்று உரசிக்கொண்டு இருக்கும், ஓடையில் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்த நோய் அங்கே பெருகி, கழிவு நீரில் அதே ஓடைக்குத் திரும்பிப் போகும். அப்புறம் ஓடையில் மீன் குறைகிறது என்று அதே பொரிப்பகத்துக் குஞ்சுகளைக் கொண்டுபோய் விடுவார்கள். அதனால்தான் விவரமான பொரிப்பகங்கள் ஊற்று நீரையோ ஆழ்குழாய் நீரையோ தேடுகின்றன, உள்ளே வரும் தண்ணீரைப் புறஊதா விளக்கில் காட்டி எடுக்கின்றன.

"குளிர் நாட்டு சால்மன் கதை நமக்கு எதற்கு?" என்று என் தங்கை கேட்டாள். வண்ண மீன் கதையும் இருக்கிறது. 1974-இல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் ஒரு தங்கமீன் பண்ணையில் புண் நோய் வந்தது. அதுவும் ஏரோமோனாஸ் சால்மோனிசிடாவின் இன்னொரு வகைதான். ஜப்பானிலிருந்து இறக்குமதியான தங்கமீன்களோடு வந்ததாகக் கருதுகிறார்கள். பிறகு அங்கே வெளி நீர்நிலைகளில் திரியும் தங்கமீன்களிடமும் அதே புண் தெரிந்தது. தங்கமீனை யாரும் சாப்பாட்டுக்கு வளர்ப்பதில்லை. அழகுக்காக வாங்கியது ஆற்றைத் தொட்டது.

நம் வீட்டிலும் வழி இருக்கிறது. சிங்கப்பூர் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு நீர்ப்பிடிப்புப் பகுதி. புளோக்கின் கீழே ஓடும் லோங்காங்கில், அதாவது மழைநீர் வடிகாலில், விழும் தண்ணீர் கால்வாய்க்கும் நீர்த்தேக்கத்துக்கும் போகிறது, கழிவறையில் ஊற்றுவது கழிவுநீர்க் குழாய்க்குப் போகிறது. மீன் தொட்டித் தண்ணீரை மாற்றும்போது எதில் ஊற்றுகிறோம் என்பது அதனால் முக்கியம். இந்தக் கடையில் ஒவ்வொரு பையோடும் நான்கு மொழியில் அச்சடித்த சின்னத் துண்டுச்சீட்டு தருகிறார்கள்: பைத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றாதே, கழிவறையில் ஊற்று, மீனைக் கால்வாயில் விடாதே. தமிழும் பிழையில்லாமல் இருந்தது. விசாக தினம் நெருங்கும்போது, தேசியப் பூங்காக் கழகமும் பொதுப் பயனீட்டுக் கழகமும் நீர்த்தேக்கங்களில் உயிரினங்களை விட வேண்டாம் என்று பிரசாரம் செய்யும் அந்த நாட்களில், மலிவு மீனை மொத்தமாகக் கேட்பவர்களுக்கு இந்தத் தவுக்கே விற்பதில்லை. புண்ணியத்துக்கு விடுகிறோம் என்று சொன்ன ஒரு குடும்பத்தை வெறும் கையோடு அனுப்பியதை நான் நின்று பார்த்தேன். அவருக்கு அன்று வியாபாரம் போனது. எனக்கு அவர் மேல் மரியாதை வந்தது.

பிள்ளைகள் லோங்காங்கில் பிடித்த கப்பி மீனைக் கொண்டுவந்து வீட்டுத் தொட்டியில் விடுவது இன்னொரு வழி. என் அக்கா மகன் ஜாம் பாட்டிலில் நான்கைந்து குஞ்சு பிடித்து வந்து, இந்தக் கடையிலேயே போய் "இதுக்குத் துணையா ஒரு ஆண் கப்பி வேணும்" என்று கேட்டான். தம்பி அவனைத் திட்டவில்லை. "இதைத் தனியா வளர்டா, கடை மீனோட சேர்க்காதே. ரெண்டு பக்கமும் நோய் மாறும்" என்று சொல்லி, ஒரு சின்னப் பெட்டியும் ஸ்பாஞ்ச் ஃபில்டரும் மலிவாகக் கொடுத்தான். பத்து வயதுப் பையனுக்கு ஒரே வாக்கியத்தில் புரிந்துவிட்டது.

நீ சூன் சதுப்பு நிலக் காடு இங்கிருந்து ரொம்பத் தூரம் இல்லை. இந்தத் தீவில் மிஞ்சியிருக்கும் நன்னீர்ச் சதுப்புக் காடு அது ஒன்றுதான். கடைகளில் வாங்கும் ஹார்லிகுவின் ராஸ்போரா இந்தத் தீவின் ஓடைகளுக்கும் சொந்த மீன் என்பது நிறையப் பேருக்குத் தெரியாது. கால்வாயில் விழும் தண்ணீர் அந்தக் காட்டு ஓடைக்குப் பின்னோக்கிப் போகாது, சரி. ஆனால் பையில் போட்டுக் கொண்டுபோய் "அது பிறந்த இடத்திலேயே விடுறேன்" என்று ஓடையில் விடும் நல்ல மனசுக்காரர்களை நினைத்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. பண்ணையில் பிறந்து, மூன்று நாட்டுத் தண்ணீர் பார்த்து வந்த மீன் அது.

இப்போது குறைகள்.

முதலாவது, பெரியது. வளர்க்க முடியாதவர்கள் மீனைக் கொண்டுவந்து கொடுத்தால் இந்தக் கடை வாங்கிக்கொள்கிறது. கால்வாய்க்குப் போக வேண்டிய மீனைக் காப்பாற்றும் அருமையான சேவை, காசு கேட்பதில்லை. ஆனால் அப்படி வந்த மீன்களைக் கண்ணாடி அறைக்கு வெளியே, பின்சுவர் ரேக்கின் மேல்தட்டில் வைத்திருக்கிறார்கள். அதற்கு நேர் கீழே விற்பனைத் தொட்டிகள். மேலே தண்ணீர் மாற்றும்போது கீழே தெறிக்கிறது. நானே பார்த்தேன், ஒரு தொட்டியின் மூடியில் சொட்டுச் சொட்டாக நின்றது. எந்த வீட்டிலிருந்து, என்ன நோயோடு வந்தது என்று தெரியாத மீன்தான் கடையிலேயே ஆபத்தான மீன். அத்தனை கவனமும் உள்ள கடையில் இது இருக்கவே கூடாது. தவுக்கேயிடம் சொன்னேன். அறையில் இடம் இல்லை, புது ரேக் வந்ததும் உள்ளே மாற்றுகிறேன் என்றார்.

இரண்டாவது, ஞாயிற்றுக்கிழமை. கூட்டம் அதிகம், வலைகள் வாளிக்குப் போய்ப் போய் மதியத்துக்குள் வாளித் தண்ணீர் கலங்கிவிடுகிறது. அழுக்கு சேரச் சேரக் கிருமிநாசினியின் வீரியம் குறையும். வாரநாளில் தெளிவாக இருக்கும் வாளி, ஞாயிறு மாலை வெறும் சடங்கு. இரண்டு முறை கூடுதலாக மாற்றினால் போதும்.

மூன்றாவது, மஞ்சள் தூள். காலம்நாரிஸ் பற்றி அவ்வளவு நன்றாகப் பேசிய தம்பியே, மற்றபடி யார் "மீன் சோர்வா இருக்கு" என்றாலும் ஒரு பாக்கெட் எடுத்து நீட்டிவிடுகிறான். அதில் இருப்பது பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து. காரணம் தெரியாமல் போட்டால் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாதான் மிஞ்சும். நார்வே சால்மன் பண்ணைகள் 1987-இல் மட்டும் ஏறக்குறைய 50 டன் ஆன்டிபயாட்டிக் கொட்டின. நிலைமை திரும்பியது நல்ல தடுப்பூசியாலும், பண்ணைகளைத் தள்ளித் தள்ளி வைத்ததாலும், ஒரு தலைமுறை மீனை முழுவதும் எடுத்த பிறகு இடத்தைக் காலியாகப் போட்டு வைத்ததாலும். 1990களின் நடுவிலேயே ஓரிரு டன்னுக்கு இறங்கிவிட்டது, மீன் உற்பத்தியோ அதற்குள் பல மடங்கு ஏறியிருந்தது. நம் கப்பிக்குத் தடுப்பூசி கிடையாது. தள்ளி வைப்பதும் காத்திருப்பதும்தான் நமக்கு இருக்கும் மருந்து, அதை இந்தக் கடை ஏற்கெனவே செய்கிறது. பிறகு எதற்கு அந்தப் பாக்கெட்டைக் கல்லாப் பக்கத்தில் அடுக்க வேண்டும்?

"சொந்தமாக வளர்த்தது" என்று ஒட்டியிருக்கும் கப்பித் தொட்டிகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சொந்த வளர்ப்பு என்பதால் மட்டும் நோய் இல்லை என்று ஆகாது. சால்மனுக்கு வரும் பாக்டீரியச் சிறுநீரக நோயில் கிருமி முட்டைக்குள்ளேயே உட்கார்ந்துகொள்ளும். முட்டையின் மேல்தோலை அயோடினில் கழுவினாலும் உள்ளே இருப்பது சாகாது. அதனால் தாய் மீனையே சோதித்து, கிருமி அதிகம் உள்ளதின் முட்டைகளைத் தூக்கிப் போடுகிறார்கள். கப்பிக்கு அந்த நோய் இல்லை, ஆனால் தாய் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி எந்த மீனுக்கும் பொருந்தும். கேட்டேன். தவுக்கே ஒரு நோட்டைத் திறந்து, எந்தத் தாய் எப்போது வாங்கியது, எத்தனை நாள் தனியே இருந்தது என்று காட்டினார். சீனத்தில் எழுதியிருந்தது, தேதிகள் மட்டும் எனக்குப் புரிந்தன. போதும்.

கையுறைப் பெட்டி ஒன்று கல்லாவில் திறந்தே இருக்கிறது, யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். தம்பியின் கட்டைவிரலில் வெட்டு இருந்த அன்று அவன் முழங்கை வரை நீளும் கையுறையோடுதான் வேலை செய்தான். தொட்டித் தண்ணீரில் இருக்கும் மைக்கோபாக்டீரியம் மரைனம் வெட்டுக்காயம் வழியே நுழைந்தால் மாதக்கணக்கில் ஆறாத கட்டி வரும். மீன் பாக்டீரியா மனிதரை ஒன்றும் செய்யாது என்று நினைப்பவர்கள் 2015-இல் சிங்கப்பூரில் நடந்ததை நினைத்துப் பார்க்கட்டும். பச்சையாகச் சாப்பிட்ட நன்னீர் மீனிலிருந்து பி வகை ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியா தொற்றிப் பலர் மருத்துவமனைக்குப் போனார்கள், அந்த வருட டிசம்பரில் உணவுக் கடைகளில் பச்சை நன்னீர் மீன் விற்பதையே தடை செய்தார்கள்.

விலை கூடத்தான். ஒரு ஜோடி கப்பி 12 வெள்ளி, பக்கத்துக் கடையில் 8. ராஸ்போரா ஒன்றுக்கு 50 காசு கூடுதல். இரண்டு வாரம் தீனி போட்டு, இடம் கொடுத்து, செத்ததைக் கழித்து விற்கிறார்கள், அந்தச் செலவு விலையில் தெரியத்தான் செய்யும். நான் முழு மனசோடு கொடுக்கிறேன்.

போவதாக இருந்தால் வாரநாளில் போங்கள், காலையில். கண்ணாடி அறையைப் பார்க்க வேண்டும் என்று கேட்டால் வெளியே நின்று பார்க்க விடுவார்கள், உள்ளே விடமாட்டார்கள், வற்புறுத்த வேண்டாம். வலது சுவரிலும் நடு ரேக்கிலும் இருப்பதைத் தாராளமாக வாங்கலாம். பின்சுவர் ரேக்கின் கீழ்வரிசையை மட்டும், மேலே இருக்கும் தொட்டிகளை உள்ளே மாற்றும் வரைக்கும், தொடாதீர்கள். அந்த ரேக் எப்போது வருகிறது என்று நீங்களும் தவுக்கேயிடம் கேளுங்கள். நாலு வாடிக்கையாளர் கேட்டால் சீக்கிரம் நடக்கும்.